அசையாத பச்சை

ராசிங்காபுரத்தில் பிறந்தவனுக்குப் பாம்பு என்றால் ஓடுகிற ஒன்று. சோளக்கொல்லை வரப்பில் காலைத் தொம் தொம்மென்று ஊன்றி நடப்போம். கையில் குச்சி இருந்தால் இரண்டு தட்டுத் தட்டுவோம். சாரையோ நல்லதோ, மண் அதிர்ந்ததும் சரசரவென்று விலகிப் போய்விடும். நாங்கள் சத்தம் கொடுப்போம், அது வழி கொடுக்கும். இப்படி ஓர் ஏற்பாட்டில் இரு தரப்பும் நெடுங்காலம் பிழைத்து வந்தோம்.

பச்சைப் பாம்புக்கு மட்டும் தனிச் சட்டம். வேலியில் கொடியோடு கொடியாகக் கிடக்கும் அந்த ஒல்லிப் பாம்பு கண்ணைத்தான் கொத்தும் என்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். கண் கொத்தப்பட்ட ஒருவரையும் எவரும் பார்த்ததில்லை, ஆனாலும் தெரியும். யாராவது 'பச்சை' என்று கத்தினால் முதலில் கை கண்ணுக்குப் போகும், பிறகுதான் கால் ஓடும். எனக்கும் அப்படித்தான்.

இந்த இரண்டு அறிவையும் மூட்டை கட்டிக்கொண்டு மலையேறினேன். ஐம்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதுரையில் ஒரு டாக்டரிடம் மூன்று வருஷம் மருந்து கலந்து பழகியிருந்தேன். போடிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் கம்பவுண்டர் வேலை கிடைத்தது. மலையடிவாரத்து முந்தலிலிருந்து நடை. தகரப்பெட்டி ஒன்று, வெள்ளைச் சட்டை மூன்று. இருபத்தாறு வயதில் ஊசி போடவும் தெரிந்துவிட்டால் மனுஷனுக்குத் தலைக்கனம் வர வேறு என்ன வேண்டும்?

ஆஸ்பத்திரி என்பது தகரம் போட்ட ஒற்றை அறை. காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை, அட்டைக்கடிக்கு டிங்சர், பாம்புக்கடிக்கு ஊதா நிற உப்பு, பிளேடு, ரப்பர் குழாய், கொஞ்சம் கயிறு. அந்தக் கயிற்றைப் பற்றித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கியதும் பாம்பைப் பற்றிச் சொல்கிறேன். பழியை வேறு எங்காவது நகர்த்துகிற பழைய புத்தி இன்னும் போகவில்லை.

ஏலக்காய் மேலே காய்ப்பதில்லை. ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த தட்டைகளின் அடியில், மண்ணை ஒட்டி ஓடும் சரங்களில் காய்க்கும். காய் எடுக்கிற பெண்கள் ஒவ்வொரு செடிக்கும் குத்தவைத்து உட்கார்ந்து, தழையை விலக்கி, பச்சைக்குள் கையை விட்டுப் பச்சையைப் பறிக்க வேண்டும். மழைக்காலத்தில் அந்த அடித்தட்டைகளில்தான் பச்சை விரியன் சுருண்டிருக்கும். மலையாளம் கலந்து பேசுகிற பழைய ஆட்கள் அதைச் சட்டித்தலையன் என்பார்கள். உடம்பு விரல் பருமன், தலை மட்டும் அகலம்.

நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் சீசன் தொடங்கியதுமே ஒரு பெண்ணுக்குக் கால்விரலில் கடி. கால் வீங்கியது, அழுதாள், ஆறாம் நாள் வீக்கம் வற்றி வேலைக்குப் போய்விட்டாள். அது தானாக வற்றியது. என் மருந்தில் வற்றியதாக நான் எடுத்துக்கொண்டேன். மானேஜரும் அப்படியே எடுத்துக்கொண்டு, இனிமேல் கடி வராமல் இருக்க ஒரு வழி சொல் என்றார். யோசிக்கவே இல்லை. ஆளுக்கொரு கம்பு கொடுங்கள் என்றேன்.

மறுநாள் காலை ஆள் எண்ணும் பெரட்டில், சாரல் மழையில், சாக்கைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு நின்ற நாற்பது பெண்கள் முன்னால் நான் பேசினேன்.

"உக்கார்றதுக்கு முன்னால தட்டைய மூணு தட்டு தட்டணும். பாம்பு இருந்தா ஓடிரும். பச்சைன்னு சத்தம் கேட்டா கண்ணப் பொத்திக்கங்க."

முன்வரிசையில், எங்கள் ஊர்ப் பக்கத்துச் சிலமலைக்காரப் பெண் ஒருவர் நின்றார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். சீசனுக்குச் சீசன் ஏழெட்டு வருஷமாக அந்தத் தோட்டத்துக்கு வருகிறவர். அன்றைக்கு அவள், இவள் என்றுதான் சொன்னோம். இன்று அப்படி எழுதக் கை வரவில்லை. அவர் என்னை அண்ணே என்பார். வெள்ளைச் சட்டை போட்டவர்கள் எல்லாரும் அவருக்கு அண்ணன்தான்.

"அண்ணே, இங்குன இருக்கிற பச்சை ஓடாதுண்ணே" என்றார். "தட்டுனாலும் அது தன்பாட்டுக்கு இருக்கும். பாத்துத்தான் கைய வைக்கணும்."

"ஏன், அதுக்கு என்ன நோவு? ஓட மாட்டாமக் கெடக்கா?"

"அதுக்குப் பயமில்லண்ணே. தன்னய யாருக்கும் தெரியாதுன்னு இருக்கும்."

"ஓகோ. பாம்பு வந்து உன் காதுல சொல்லிட்டுப் போச்சா?"

கூட்டம் சிரித்தது. கங்காணி எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிலமலைக்காரரும் லேசாகச் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்ததைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு செடிக்கும் மூன்று எட்டுத் தள்ளியே குத்தவைப்பார். அடித்தட்டையிலிருந்து மேலே ஒருமுறை, மேலிருந்து அடிக்கு ஒருமுறை கண்ணை ஓட்டுவார். பிறகுதான் கிட்டப் போய்க் கையை விடுவார். கங்காணிக்கு அது பிடிக்காது. "என்ன, செடியக் கும்பிட வந்தியா, காய் எடுக்க வந்தியா?" என்பார். என் கம்பு வந்த பிறகு அந்த ஏச்சுக்கு நியாயம் கிடைத்துவிட்டது. தட்டியாயிற்று, அப்புறம் என்ன பார்வை? மலை முழுக்கத் தட் தட் என்று சத்தம். அதை மருந்தறை வாசலில் நின்று பெருமையோடு கேட்டேன். நாற்பது பெண்களும் பார்ப்பதை நிறுத்திக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குக் கேட்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். முன்பகலில் கூச்சல் கேட்டது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர்தான். வலது கையை இடது கையால் பிடித்தபடி செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில் இரண்டு புள்ளி.

நடந்தது இதுதான். நான் சொன்னபடி மூன்று தட்டுத் தட்டியிருக்கிறார். எதுவும் ஓடவில்லை. உட்கார்ந்து சரத்தில் கை வைத்திருக்கிறார். பக்கத்து வரிசையில் ஒருத்தி எதையோ பார்த்துப் 'பச்சை' என்று கத்தியிருக்கிறாள். சிலமலையில் வளர்ந்த கை. நானும் பெரட்டில் சொல்லி வைத்திருந்தேன். இடது கை கண்ணைப் பொத்தியது, பொத்திய அதிர்ச்சியில் வலது கை தட்டைமேல் போய் இடித்தது. கண்ணைக் கொத்தாத பாம்புக்குக் கண்ணை மறைத்து, கையைக் கொடுத்தோம்.

"இன்னும் அங்குனதான் இருக்கு" என்றார் கங்காணி.

நான் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இருபது பேர் நின்று கத்துகிறோம், செடியே ஆடுகிறது. கங்காணி கம்பை நீட்டி, தரையிலிருந்து மூன்று சாண் உயரத்தில் ஒரு தட்டையைத் தொட்டபோது தட்டையின் ஒரு துண்டு வாயைத் திறந்தது. அப்போதுதான் அது பாம்பு என்று கண்டேன். கடித்துவிட்டு ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

என் புத்தி எப்படிப் போயிற்று என்று சொல்கிறேன். ஓடாத பாம்பு பயமற்ற பாம்பு. பயமற்ற பாம்பு என்றால் பெரிய விஷம். கால்விரல் கடிபட்ட அந்தப் பெண் ஆறு நாளில் எழுந்து நடந்தது எனக்கு ஞாபகமே வரவில்லை. ராசிங்காபுரத்தில் நல்ல பாம்பு கடித்தவர்களை ஊரே கூடிக் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கை எனக்குள் இருந்தது. விரலின் அடியில் கயிற்றைச் சுற்றி, குச்சி ஒன்றைச் செருகி, முறுக்கி இறுக்கினேன். மணிக்கட்டில் ரப்பர் குழாய். பிளேடால் கீறி ஊதா உப்பை வைத்துத் தேய்த்தேன். கம்பளியைக் கம்பில் தூளியாகக் கட்டி, நாலு பேர் தூக்க, கங்காணி அடித்துப் போட்ட பாம்பை இலையில் பொதிந்து நானும் கூடவே இறங்கினேன்.

பாதி இறக்கத்தில் அவர் சொன்னார்: "அண்ணே, கயித்தக் கொஞ்சம் தளத்தி விடுங்கண்ணே. கடிச்சத விட இது தாங்கல."

"அவுத்தா வெசம் ஏறிரும். பேசாம வா."

இன்னும் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் அதையே சொன்னேன். கட்டு நழுவியிருக்கிறதா என்று பார்த்தேன், பாதையைப் பார்த்தேன், கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். முந்தலை நெருங்கும்போது வலி போய்விட்டதென்றார். விரல் கருநீலமாகியிருந்தது. வலி போனது நல்லதுக்கு என்று நினைத்தேன். கடவுளே, அதை நான் வாய்விட்டும் சொன்னேன்.

போடியில் ஒரு டாக்டர் முதல் வேலையாகக் கயிற்றை அறுத்தார். பிறகு இலையைப் பிரித்துப் பாம்பைப் பார்த்தார்.

"இது கடிச்சா ஒரு வாரம் வீங்கும், வலிக்கும், வத்திரும். பெரும்பாலும் அம்புட்டுத்தான்" என்றார். "இப்படிக் கட்டுனது யாரு?"

"தோட்டத்துல கட்டிட்டாங்க" என்றேன்.

கட்டிட்டாங்க. யாரோ. பெஞ்சில் படுத்திருந்தவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நாலாம் நாள் அந்த விரலை அடியோடு எடுத்தார்கள்.

மேலே வந்து நோயாளிகள் பதிவில் எழுதினேன்: 'பாம்புக்கடி. வலது ஆள்காட்டி விரல் எடுக்கப்பட்டது.' இரண்டு வாக்கியமும் உண்மைதான். சேர்த்து வைத்தால் பொய். மானேஜர் படித்துவிட்டு, "பாவம், பொல்லாத பாம்பு" என்றார். நான் ஆமாம் என்றேன். கம்புத் தட்டல் தொடர்ந்தது.

அந்தப் பாம்பை ஸ்பிரிட்டில் போட்டு மருந்தறை அலமாரியில் வைத்திருந்தேன். புதிதாக வருகிற பெண்கள் பார்த்து வைத்துக்கொள்ளட்டும் என்று. சில வாரத்தில் பச்சை கரைந்து போய், பாட்டிலுக்குள் ஒரு நீலப் பாம்பு கிடந்தது. வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு நீலத்தைத் தேடிக்கொண்டு காட்டுக்குள் போனார்கள். அது தெரிந்த அன்று பாட்டிலை எடுத்துப் புதைத்தேன். அதற்குப் பிறகுதான் நான் பார்க்கக் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். சொல்லிக்கொடுக்க யாரையும் கேட்கவில்லை. கேட்க முகம் இல்லை.

நோயாளி இல்லாத நேரமெல்லாம் செடிகளுக்கு நடுவில் போய், மூன்று எட்டுத் தள்ளிக் குத்தவைத்தேன். அட்டைகள் என்னை நன்றாகவே அறிந்துகொண்டன. பத்து நாள் பார்த்து ஒன்றைக் கண்டேன். தட்டினேன், அசையவில்லை. இருமினேன், அசையவில்லை. மறுநாளும் அதே தட்டை, அதே சுருள். இன்னொரு நாள், காற்றில் கிளை முறிந்து விழுந்ததில் ஒரு பச்சை விரியன் வெறும் செம்மண் பாதையில் கிடந்தது. நான் கம்பை எடுக்கவேயில்லை. என் நிழலைக் கண்டதும் எங்கள் ஊர்ச் சாரையைப்போல் விழுந்தடித்து ஓடி இலைக்குள் நுழைந்தது. இலைக்குள் போனதும் நின்றுவிட்டது. இரண்டு அடி தள்ளி நான் நிற்கிறேன், அதற்குக் கவலையே இல்லை. பழுப்பு நிறத்தில் விரியன் ஒன்று உண்டு. அது சருகில் கிடக்கும்போது மிதிபடும்வரை நகராது. பச்சைத் தழைமேல் ஏறும்போது சின்னச் சத்தத்துக்கும் நழுவிவிடும்.

மருந்தறை வேலியில் இரண்டு ஓணான்கள் இருந்தன. கழுத்து ரத்தமாகச் சிவந்து நிற்கும்போது ஒன்று என் முகத்தைப் பார்த்தே தலையை ஆட்டும்; கல்லை எடுத்தாலும் இறங்காது. அதை மற்றது சண்டையில் விரட்டியடித்த அன்று அந்தச் சிவப்பு என் கண்முன்னாலேயே வடிந்து, மண் நிறமாகிவிட்டது. அப்புறம் நான் தும்மினால்கூட ஓடியது.

இவற்றின் துணிச்சல் நெஞ்சில் இல்லை, தோலில் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. நிறம் காக்கும் இடத்தில் அசைய வேண்டியதில்லை. நிறம் கைவிடும் இடத்தில் ஓட வேண்டியதுதான். ஓடாத பாம்பு பயமற்றது என்று நான் நினைத்தது தப்பு. தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நம்பியே அது அங்கே இருந்தது. அந்தச் சிலமலைக்காரர் பெரட்டில் நின்று அதையே சொன்னார், நான் கூட்டத்தைச் சிரிக்க வைத்தேன்.

இதைக் கண்டுபிடித்த பெருமையோடு ஒரு மாதம் திரிந்தேன். ஒருநாள் காலையில் வெள்ளைச் சட்டையின் பொத்தானைப் போடும்போது கை நின்றுவிட்டது. டாக்டர் கேட்டபோது நான் அசையாமல் இருந்தேனே. மானேஜர் பாம்பைத் திட்டியபோதும் அசையவில்லையே. இந்தச் சட்டை இருக்கும்வரை என்னை யாருக்கும் தெரியாது என்ற நம்பிக்கைதானே. ஆனாலும் போய்ச் சொல்லவில்லை.

அடுத்த சீசனுக்கு அவர் மேலே வந்தார். கங்காணி வரிசையில் சேர்க்க மாட்டேன் என்றுவிட்டார். விரலில்லாத கைக்குக் காய் வேகமாக வராது, வரிசை கெடும் என்பது அவர் பேச்சு. சிலமலைக்காரர் நேரே மருந்தறைக்கு வந்து வாசலில் நின்றார்.

"அண்ணே, மானேஜருகிட்ட ஒரு வார்த்த சொல்லணும்."

"உள்ள வந்து உக்காருங்க."

"உக்கார நேரமில்லண்ணே. இன்னைக்கு வரிசையில பேரு ஏறலைன்னா சாயங்காலம் எறங்கிப் போகணும். ஊர்ல எனக்குச் சோலி இல்ல. காய் வெரசா எடுக்க வராது, மெய்தான். ஆனா கண்ணு நல்லா இருக்கு. வரிசைக்கு முன்னால போயி செடி செடியாப் பாத்துச் சொல்றேன். பொறவு அவுக உக்காரட்டும். தட்டுற சோலியே வேணாம்."

சரியான யோசனை. ஆனால் அதை மானேஜரிடம் சொல்ல வேண்டுமானால், தட்டச் சொன்னது தப்பு என்று முதலில் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி விரலுக்கு வரும். நான் மேஜைமேல் இருந்த பாட்டில்களை நகர்த்தி வைத்தேன்.

"பாப்பம்" என்றேன். "சமயம் பாத்துச் சொல்றேன்."

அவர் போகவில்லை. விரல் இருந்த இடத்தை மற்றக் கையால் தடவிக்கொண்டே பேசினார். குரலில் கோபமில்லை.

"அண்ணே, அந்தப் பாம்பு கடிச்சதுக்குப் பொறவும் என்னயப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. நீங்க கயித்தக் கட்டுனதுல இருந்து போடி போய்ச் சேர்ற வரைக்கும் ஒரு தடவகூட என் மொகத்தப் பாக்கலண்ணே. பாத்திருந்தா அவுத்திருப்பீங்க."

நான் அவரைப் பார்த்தேன். என்னால் முடிந்தது அப்போது அதுதான். கண் கலங்கிவிட்டது, அவரே சங்கடப்பட்டு வேறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

"வாங்க" என்று சொல்லிவிட்டுப் பதிவுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நடந்தேன். மானேஜர் பங்களா வாசலில் அவரை நிறுத்தி வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். இந்தப் பாம்பு தட்டினால் ஓடாது, இவர் அன்றே சொன்னார், நான் கேலி செய்தேன், கண்ணைப் பொத்தச் சொன்னதும் நான், விரல் போனது பாம்பால் அல்ல, என் கயிற்றால். புத்தகத்தைத் திறந்து, பழைய வரியை அடித்து, 'கம்பவுண்டர் இறுக்கிக் கட்டியதால் விரல் போயிற்று' என்று அவர்கள் இரண்டு பேர் முன்னாலேயே எழுதினேன். மானேஜர் புத்தகத்தை வாங்கி அந்த வரியைப் படித்தார். பிறகு கங்காணியைக் கூப்பிட்டு, அந்தப் பெண்ணின் பேரை வரிசைக்கு முதலில் எழுதச் சொன்னார். என்னை மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொன்னார். இரண்டும் நியாயம்.

நான் இறங்கிய அன்று சாரல் விட்டிருந்தது. தகரப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, கலர்ச் சட்டையில், செடிகளுக்கு நடுவே போகும் குறுக்குப்பாதையில் வந்தேன். காட்டில் தட்டல் சத்தம் இல்லை. வரிசை பத்தடி பின்னால் நிற்க, அவர் முன்னால் குத்தவைத்து ஒரு செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உக்காராதீங்கடி, இருக்கு. அடுத்ததுக்குப் போங்க" என்றார். பிறகு என்னைக் கண்டு, "எறங்குறீகளாண்ணே? இதப் பாத்துட்டுப் போங்க" என்று கையை நீட்டினார். காட்டுகிற விரல் இல்லாததால் முழுக் கையையும் விரித்துத்தான் காட்ட வேண்டியிருந்தது.

பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, மூன்று எட்டுத் தள்ளி அவர் பக்கத்தில் குத்தவைத்தேன். அடியிலிருந்து மேலே பார்த்தேன். தட்டை, தழை, சரம், காய். எதுவும் தெரியவில்லை. மேலிருந்து அடிக்கு மறுபடியும் பார்த்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை. ரொம்ப நேரம் கழித்து, ஒரு தட்டையில் மினுங்கிய மழைத்துளி ஒன்று துளி இல்லை, கண் என்று தெரிந்தது. நான் வந்து நின்றதிலிருந்து அது என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

"தெரிஞ்சுச்சாண்ணே?" என்றார்.

"தெரிஞ்சிருச்சு ஆத்தா" என்றேன்.